ஃபுட்பால் டியூஷன்

எங்கள் வீட்டில் இடது என்றாலே திட்டுதான். இடது கையால் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால் உம்மா புறங்கையில் ஒரு தட்டு தட்டுவாள். வாசலுக்குள் வலது காலை வைத்து வா, கக்கூஸுக்குள் இடது காலை வைத்துப் போ என்று நடக்கப் பழகும்போதே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் இடது பக்கம் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற பிள்ளையாக நான் வந்து பிறந்து தொலைத்தேன். சாப்பிடவும் எழுதவும் என் வலது கையைத் திட்டித் திட்டியே பழக்கினார்கள். காலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. தாராவியில் ஒரு பெண்பிள்ளையின் காலுக்கு நடப்பதைத் தவிர வேறென்ன வேலை வந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் காலை முதலில் கவனித்தவர் மான்குர்த்திலிருந்து வந்த ஒரு மனிதர். நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சந்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் எங்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருத்தியிடமும் பந்தை உருட்டிவிட்டு உதைக்கச் சொன்னார். என் முறை முடிந்ததும் மறுபடி உருட்டினார். இன்னொரு முறையும் உருட்டினார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம், இந்தக் கால் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, தானாக வந்தால்தான் உண்டு என்று இந்தியில் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு நான் லெஃப்டி. வீட்டுக்கு ஓடிவந்து, என் இடது காலைப் பாராட்டினார்கள் என்று சொன்னேன். கேலி பண்ணியிருப்பார்கள், உனக்குத்தான் புரியவில்லை என்று சொல்லிவிட்டு உம்மா அரிசி களையப் போனாள்.

மைதானம் என்று நான் சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். ஒரு பக்கம் பொதுக் கழிவறை, இன்னொரு பக்கம் பந்தல்காரர் அடுக்கி வைத்திருக்கும் மூங்கில் கழிகள், மூலையில் ஒரு குப்பைமேடு. மிச்சம் இருக்கும் இடத்தில் ஒரே நேரத்தில் நாலைந்து கிரிக்கெட் ஆட்டம் நடக்கும். யார் அடித்த பந்தை யார் பிடிக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மழைக்காலத்தில் அது குளம். அங்கே பெண்பிள்ளைகளுக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் வாங்கிக்கொடுப்பதற்குள் அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாங்கள் அவரை சார் என்று கூப்பிட்டோம். எந்தக் காலத்திலோ ஒரு கம்பெனி டீமில் விளையாடியவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. விசில் ஊதத் தெரியும், அது எல்லா மொழிக்காரப் பிள்ளைகளுக்கும் புரிந்தது.

இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தது ஒரு டிரஸ்ட். பெண்பிள்ளைகளுக்குப் பந்து விளையாடச் சொல்லித்தருகிறோம் என்று சந்து சந்தாக வந்து கேட்டிருந்தால் ஒரு வீட்டிலும் அனுப்பியிருக்க மாட்டார்கள். அது அவர்களுக்கும் தெரியும். அதனால் இலவச டியூஷன் என்று சொன்னார்கள். ஒரு மணி நேரம் பாடம், அது முடிந்தால் ஒரு மணி நேரம் பந்து. எங்கள் ஆட்கள் இரண்டையும் சேர்த்து ஃபுட்பால் டியூஷன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கணக்கு டியூஷன், இங்கிலீஷ் டியூஷன் மாதிரி அதுவும் ஒன்று. பந்து என்பது வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் கையில் கொடுக்கிற பிஸ்கட் மாதிரி ஏதோ ஒரு சமாச்சாரம் என்று அம்மாக்கள் நினைத்துக்கொண்டார்கள். எங்களுக்கோ அந்தப் பிஸ்கட்டுக்காகச் சகித்துக்கொள்ள வேண்டிய தொல்லைதான் பாடம். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு காரியத்துக்காக வந்திருந்தோம். அன்றைக்கு அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

பாடம் சொல்லித்தர வந்தவர் மாட்டுங்காவிலிருந்து ஒரு டீச்சரம்மா. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பருத்திப் புடவை, தோளில் ஒரு பெரிய பை, அந்தப் பைக்குள் இரும்பு அலமாரியின் சாவி. பந்து மூட்டை அந்த அலமாரிக்குள்தான் இருக்கும். எல்லோரும் அன்றைய பாடத்தை முடித்தால்தான் அலமாரி திறக்கும். ஒருத்தி வகுத்தலில் மாட்டிக்கொண்டு விழித்தால் மற்ற அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் நாங்களே ஒருத்திக்கு ஒருத்தி அவசர அவசரமாகச் சொல்லிக்கொடுத்தோம். மண்டையில் குட்டியும் சொல்லிக்கொடுத்தோம். வெளியே சார் விசிலை வாயில் வைத்துக்கொண்டு உலாத்துவார். கடைசியில் டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றி, “எல்லாரும் முடிச்சாச்சோ? அப்போ எடுத்துண்டு போங்கோ” என்பார். அந்தத் தமிழைக் கேட்டாலே எங்களுக்குச் சிரிப்பு. முதுகுக்குப் பின்னால் அவரைப் போங்கோ டீச்சர் என்போம். எங்கள் திருநெல்வேலித் தமிழைக் கேட்டு அவருக்கும் சிரிப்பு வந்திருக்கும். அவர் காட்டிக்கொண்டதில்லை.

என் பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம். சேர்ந்து திரிகிற பிள்ளைகளோடு பேச்சு முக்கால்வாசி இந்தி. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது டீச்சரம்மாதான். என் வயதுக்காரர்கள் நிறையப் பேருக்கு இன்றும் கல்யாணப் பத்திரிகையில் தங்கள் பெயரைத் தமிழில் வாசிக்கத் தெரியாது. நான் இதைத் தமிழில் எழுதுகிறேன் என்றால் அது அவர் போட்ட பிச்சை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

வாப்பா தோல் பையும் பெல்ட்டும் தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தார். கீழே மெஷின்கள், மேலே ஏணி வைத்து ஏறினால் வீடு. பட்டறை ஆட்கள் பார்க்க மகள் பந்துக்குப் பின்னால் ஓடுவதாவது என்று முதலில் அவர் பிடி கொடுக்கவில்லை. முழுக்கால் பேண்ட், தலையில் ஸ்கார்ஃப், மக்ரிபுக்கு முன்னால், இருட்டுவதற்குள் வீடு என்று உம்மாதான் பேசிப் பேசி அவரை இளக்கினாள். உம்மாவுக்கு வேண்டியது டியூஷன். ஒரு நாள் டிரஸ்ட் பந்து ஒன்று தையல் விட்டு வாயைப் பிளந்துவிட்டது. நான் அதைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். வாப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது தோலே இல்லை, வெறும் ரெக்ஸின், இதைப் போய்ப் பந்து என்று விற்கிறான் என்று விற்றவனைக் கொஞ்ச நேரம் திட்டினார். பிறகு பை தைக்கிற தடித்த நூலை எடுத்துத் தானே உட்கார்ந்து தைத்துக்கொடுத்தார்.

தையல் உறுதியான தையல். ஆனால் ஒரு பக்கம் கனத்துவிட்டது. உருட்டினால் அந்தப் பந்து நேராகப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் சாயும். மற்ற பந்துகள் கிழிந்துபோன பிறகும் அது மட்டும் சாகவில்லை. நாங்கள் அந்தச் சாய்வைக் கணக்கில் வைத்து, எல்லாவற்றையும் ஒரு முழம் இடது பக்கம் தள்ளியே உதைக்கப் பழகிவிட்டோம். முதல் முறையாக வெளியே ஒரு மைதானத்துக்குப் போய் நல்ல பந்தில் ஆடியபோது எங்கள் பாஸ் ஒவ்வொன்றும் அழகாக இடது கோட்டைத் தாண்டி வெளியே போனது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இது என்ன வியூகம் என்று திகைத்துப் போனார்கள். சார் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விஷயத்தை வாப்பாவிடம் சொன்னபோது அவருக்கு அப்படியொரு சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் சாயங்காலம் பட்டறையை விட்டு வந்து மூங்கில் கழிகளுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க ஆரம்பித்தார்.

அந்த மூங்கில் கழிகள் மேல்தான் அம்மாக்கள் உட்காருவார்கள். மகள்களைக் கூட்டிப்போக வருகிறவர்கள் ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டுமே. ஒரே தண்ணீர்க் குழாயில் வருஷக்கணக்காகச் சண்டை போட்டவர்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தார்கள். குப்பைமேட்டில் கிடந்த கண்ணாடி ஒருத்தியின் பாதத்தைக் கிழித்த மறுநாள் எல்லோருமாக வார்டு ஆபீசுக்குப் போனார்கள். மீன் மார்க்கெட்டைத் தாண்டித் தனியாகப் போகாத என் உம்மாவும் போனாள். பாதித் தமிழ், பாதி இந்தி, கொஞ்சம் மராட்டி என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்களாம். அதிகாரி தாங்க முடியாமல் லாரி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு விளக்குக் கம்பம், அதற்குப் பிறகு கழிவறைக் கதவு. மாதம் ஒரு முறை டியூஷன் அறையில் அம்மாக்கள் கூட்டம் என்று ஒன்று நடக்கத் தொடங்கியது. அந்தப் பெண்கள் தங்கள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுத்து, எடுத்த முடிவு நடப்பதைப் பார்த்தார்கள். அதன் ருசி எனக்குப் புரிகிறது. என் விஷயத்தையும் பின்னால் அந்தக் கூட்டம்தான் முடிவு செய்தது.

ஒன்பதாவது படிக்கும்போது செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து டீமோடு ஆடினோம். நிஜமான புல். அவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஷூ, முழங்கால்வரை சாக்ஸ். எங்களில் பாதிப் பேருக்கு ஷூ ஒரு அளவு பெரிது, முன்னால் துணி அடைத்திருந்தோம். நான் இடது கோட்டை ஒட்டியே ஓடுகிறவள். இரண்டாவது பாதியில் ஒரு பந்து எனக்கு முன்னால் காலியாக விழுந்தது. நான் ஓடினேன். பின்னால் ஒருத்தி மூச்சு வாங்குகிற சத்தம் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் கேட்கவே இல்லை. தலையைத் தூக்காமலே நடுவில் யார் எங்கே வருகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. உதைத்தேன். அது வளைந்து போய் எங்கள் பிள்ளையின் நெற்றியில் பட்டு வலைக்குள் போனது. அந்த நிமிஷம் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் எதிலும் பார்க்கவில்லை. பெரிய பெரிய நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. அந்தச் சந்தோஷம் வரவில்லை.

அன்று அந்த ஆட்டத்தை வேறு ஒருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். மும்பையின் பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்கள் டீமுக்கு ஆள் எடுக்கிறவர். தீபாவளி முடிந்ததும் தேர்வு நடக்கும், லெஃப்டியைக் கட்டாயம் கூட்டிவாருங்கள் என்று சாரிடம் சொல்லிவிட்டுப் போனார். சார் அதை எங்கள் பட்டறைக்கே வந்து வாப்பாவிடம் சொன்னார். வாப்பா அவருக்கு டீ வாங்கிக்கொடுத்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சார் போன பிறகு, இடது காலுக்கா இவ்வளவு மவுசு என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தேர்வுக்குப் போவேன் என்பதில் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் தீபாவளிக்கு முன்னால் ஜூன் வருகிறதே. ஜூனில் நான் பத்தாவது.

எங்கள் சந்தில் ஒரு வீட்டில் கேபிள் வயரைப் பிடுங்கினால் அங்கே ஒரு பிள்ளை பத்தாவதுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வீட்டுக்காரர்கள் ஊரில் நடக்கிற கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள். விருந்தாளிகளும் வர மாட்டார்கள். வந்துவிட்டாலும் மையத்து கிடக்கிற வீட்டில் பேசுகிற மாதிரி கிசுகிசுவென்று பேசிவிட்டுப் போவார்கள். இந்து வீடு, முஸ்லிம் வீடு, உத்தரப் பிரதேசத்து வீடு என்று இதில் வித்தியாசமே கிடையாது. பிள்ளையின் வாயில் பாதாம் பருப்பைத் திணிப்பார்கள். சிரித்தால் படிக்கிற பிள்ளைக்கு என்ன சிரிப்பு என்பார்கள். ஒரு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிவிட்டால் அந்தப் பக்கம் வேறு கரையில் எழுந்திருக்கலாம் என்பது எல்லோருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பொய்யில்லை. நானே அப்படித்தான் எழுந்தேன்.

எனக்கு முந்தின வருஷம் எங்கள் டீமில் இரண்டு பேர் பத்தாவதில் கணக்கில் தோற்றுப்போனார்கள். பந்துதான் காரணம் என்று அவர்கள் வீட்டில் முடிவு கட்டி, தங்கச்சிகளையும் நிறுத்திவிட்டார்கள். டீச்சரம்மா அந்த இரண்டு வீட்டுக்கும் நடையாக நடந்தார். கதவைத் திறந்து மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தார்கள், பிள்ளைகளை அனுப்பவில்லை. இன்னும் ஒரு வருஷம் இப்படி நடந்தால் அலமாரியைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அவர் பயந்தார். அந்தப் பயம் நியாயமான பயம். அதனால் ஜூன் மாதக் கூட்டத்தில், பத்தாவது பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் டியூஷன் மட்டும், பந்து கிடையாது என்று ஒரு விதி கொண்டுவந்தார்.

வெளியே மழை. கூரையில் ஒழுகிய இடத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். அம்மாக்களுக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துவிட்டது. ஏக் சால்தானே, ஒரு வருஷம்தானே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சார் மட்டும் எழுந்து நின்றார். மற்ற பிள்ளைகளுக்கு எப்படியோ, இந்தப் பெண்ணுக்கு இந்த வருஷம்தான் வருஷம், பதினைந்து வயதில் விட்டதைப் பதினேழில் பிடிக்க முடியாது, இவளை மட்டும் விட்டுவிடுங்கள் என்று இந்தியில் கெஞ்சாத குறையாகப் பேசினார். அவர் என்னை மட்டும் என்று சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அவள் மட்டும் என்ன ஒசத்தி என்ற பார்வை அந்த அறையைச் சுற்றி வந்தது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். டீச்சரம்மாவுக்கும் சாருக்கும் நடுவில் அவ்வளவு நாள் ஒரு கடுமையான வார்த்தை வந்ததில்லை. அன்றும் வரவில்லை. டீச்சரம்மா மெதுவாக, “ஒரே ஒரு வருஷம். பந்து எங்கே போயிடப் போறது?” என்று மட்டும் கேட்டார்.

வாப்பாவுக்கு ஆள் போயிற்று. பட்டறையிலிருந்து அப்படியே வந்தார். விரல்களில் பசை காய்ந்திருந்தது. சாரைத் தவிர ஆண்கள் யாருமில்லாத கூட்டம் என்பதால் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். இரண்டு பக்கத்துக்கும் தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ என்னம்மா சொல்லுத?”

எனக்கு வாய் இல்லாமல் இல்லை. எங்கள் சந்தில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. தேர்வுக்குப் போக வேண்டும் வாப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் என் பக்கம் நின்றிருப்பார். அந்த மனிதர் அதற்காகத்தான் என்னைக் கேட்டார் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அத்தனை அம்மாக்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எனக்குச் சோறு போட்டவர்கள். எல்லோருக்கும் நான் நல்ல பிள்ளையாக இருக்க ஆசைப்பட்டேன். ஒரு வருஷம் என்பது எனக்கும் சின்னதாகத்தான் தெரிந்தது.

“சரி வாப்பா. ஒரு வருஷந்தானே.”

அறை முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. யாரோ என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். சார் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

அந்த வருஷம் முழுவதும் டீச்சரம்மா சாயங்காலம் அலமாரியைத் திறந்து சின்னப் பிள்ளைகளிடம் பந்தைக் கொடுப்பார். பத்தாவது பிள்ளைகள் நாங்கள் நாலு பேர் உள்ளேயே உட்கார்ந்திருப்போம். ஜன்னல் மைதானத்துப் பக்கம். அதற்கு அட்டை வைத்து மறைத்தார்கள். சத்தத்தை எதை வைத்து மறைப்பது? உதைக்கிற சத்தத்தை வைத்தே யார் உதைக்கிறாள், சரியாகப் பட்டதா, விரல் நுனியில் பட்டதா என்று எனக்குத் தெரியும். அல்ஜீப்ரா நோட்டைப் பார்த்துக்கொண்டே மேசைக்கு அடியில் இடது பாதத்தைத் திருப்பிக்கொள்வேன். தீபாவளி வந்தது, போனது. டீம் தேர்வு நாளன்று எனக்குக் கணக்கில் ஒரு டெஸ்ட். சார் ஒன்பதாவது பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிப்போனார். திரும்பி வந்ததும் அவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று என்னவோ கத்திக் குதிப்பது கேட்டது. நான் அன்று டெஸ்டில் முழு மார்க்.

பொதுத்தேர்விலும் நல்ல மார்க்தான். எங்கள் சந்தில் அதுவரை யாரும் வாங்காத மார்க். டிரஸ்ட்காரர்கள் மெயின் ரோட்டில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். என்னிடம் வேறு நல்ல படம் இல்லாததால் செம்பூர் ஆட்டத்தில் எடுத்த படத்தைப் போட்டார்கள். ஜெர்ஸி போட்டு, இடது காலைத் தூக்கி நிற்கிறேன். பக்கத்தில் மார்க். வாப்பா அதற்குக் கீழே நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தைப் பார்த்து நிறைய வீடுகளிலிருந்து புதிதாகப் பெண்பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். நின்றுபோன தங்கச்சிகளும் திரும்ப வந்தார்கள். டீச்சரம்மா நினைத்தது நடந்துவிட்டது.

பொதுத்தேர்வு முடிந்த வாரமே நான் மைதானத்துக்குப் போய்விட்டேன். உடம்பு மாறியிருந்தது. உயரமும் கனமும் கூடியிருந்தது. பந்து வருகிற இடம் தெரிகிறது, கால் அங்கே போய்ச் சேர்வதற்குள் பந்து போய்விடுகிறது. ஒன்பதாவதிலிருந்து தேர்வாகிப் போனவள் என்னை இரண்டு முறை சுலபமாகத் தாண்டிப் போனாள். பிறகு பாவப்பட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சார் அதற்கு முன்பே போயிருந்தார். டிராம்பே பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை என்றார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. திட்டிவிட்டாவது போயிருக்கலாம். ஜூனியர் காலேஜ் மாட்டுங்காவில், வகுப்பு முடிந்து வர நேரமாகும் என்று வீட்டில் ஒரு காரணம் சொல்லிவிட்டு, காலேஜ் திறந்த ஒரு வாரத்தில் நானாகவே நின்றுவிட்டேன். யாரும் என்னைத் தடுத்ததாகச் சொல்ல முடியாது.

இப்போது செம்பூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீடு கோபர்கைரனேயில். வாப்பாவும் உம்மாவும் என்னோடு இருக்கிறார்கள். உம்மாவுக்கென்று ஒரு சமையலறை, அதில் ஒரு ஜன்னல். தினமும் வாஷியில் ரயில் மாறும்போது கூட்டத்தில் நசுங்கினாலும், இதெல்லாம் அந்த மார்க்கினால் வந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் செயற்கைப் புல் விரித்த ஒரு டர்ஃப் மைதானம் இருக்கிறது. ஆபீஸ் ஆண்கள் வாடகைக்கு எடுத்துத் தொப்பையோடு மூச்சு வாங்க ஆடுவார்கள். ஒரு நாள் உள்ளே போய், பெண்களுக்கு ஏதாவது நேரம் உண்டா என்று கேட்டேன். அங்கே இருந்தவர் ரொம்ப மரியாதையாக, உங்கள் குழந்தைக்கு எத்தனை வயது மேடம் என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன். எனக்கு அந்த ஆட்டம் வேண்டியிருந்தது. படிப்புக்காக அதை ஒரு வருஷம் கழற்றி வைக்கச் சொன்னார்கள். அது மாட்டி வைத்த ஆணியிலேயே இருக்கும் என்று நானும் நம்பினேன்.

டிரஸ்ட் இன்னும் நடக்கிறது. டீச்சரம்மாவுக்கு முழங்கால் வலி, இப்போது வருவதில்லை. சாவி வேறு ஒருவரிடம் இருக்கிறது, பத்தாவது விதி அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் அம்மாக்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். படித்து முன்னுக்கு வந்த அக்கா என்று நாற்காலி போடுவார்கள். காலேஜ் பற்றி, வேலை பற்றிச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வருவேன்.

இந்த வருஷம் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்க்கிறவள். பேச்சைக் கேட்டதும் எங்கள் பக்கத்து ஊர்க்காரி என்று தெரிந்துவிட்டது. அவள் மகள் பத்தாவதுக்கு வந்திருக்கிறாள். பெரிய கேம்ப் ஒன்றுக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாருக்குப் பிறகு வந்த கோச் தம்பி விதியைத் தளர்த்தச் சொல்லி வீட்டுக்கே வந்து பேசியிருக்கிறார். மகள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள், ஒரு வருஷம் நிறுத்தச் சொல்லுங்கள் என்றாள். மகள் அவளுக்குப் பின்னால் ஷூவோடு நின்றிருந்தாள். அன்று சாயங்காலம் அவள் ஆடுவதைப் பார்த்திருந்தேன். வலது பக்கம் ஓடுகிறவள். காற்று மாதிரிப் போகிறாள்.

நிறுத்தாதீர்கள் என்று சொன்னேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு எல்லாம் வந்துவிட்டது. அந்தக் கூட்டம், வாப்பா கேட்டது, நான் சொன்னது, ஜன்னல் சத்தம், திரும்பி வந்தபோது கால் போய்ச் சேராதது. இரண்டும் முடியும், கேம்ப்புக்கும் போகட்டும், படிக்கவும் செய்யட்டும் என்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. என் கையை விடாமல் முழுவதையும் கேட்டாள்.

“நீங்க சொல்லுதது எனக்குப் புரியுதும்மா” என்றாள். “ஆனா வெளையாட்டயும் விடாம, படிப்பயும் விடாம, இங்கேருந்து மேல வந்த ஒருத்தியக் காட்டுங்க. ஒரே ஒருத்தி. எம் புள்ளைய நாளைக்கே கேம்ப்புக்கு அனுப்புதேன்.”

நான் யோசித்தேன். மான்குர்த்தில் டீச்சராக இருப்பவள், நர்ஸாகித் துபாய் போனவள், வக்கீல் ஆபீசில் இருப்பவள் என்று ஒவ்வொருத்தியாக மனதில் கொண்டுவந்தேன். எல்லோரையும் இந்த அறையில்தான் பத்தாவதில் உட்காரவைத்தார்கள். ஒன்பதாவதிலிருந்து தேர்வாகிப் போனவளையும் அடுத்த ஜூனில் இதே விதி பிடித்துக்கொண்டது. அவளும் நல்ல மார்க் வாங்கினாள், இப்போது இரண்டு குழந்தைகள். அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எப்படியும் ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா, அப்படி யாரும் இல்ல” என்றேன்.

அந்த ஒருத்தியாக இருந்திருக்க வேண்டியவள் நான்தான். இருந்திருந்தால் அன்று அந்தப் பிள்ளைக்குக் காட்ட ஒரு ஆள் இருந்திருக்கும். அந்த அம்மா மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு என் கையை விட்டாள். மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள்.